அந்தக் காசுக்குக் கடையில் கிடைக்காது

“அந்தக் காசுக்குக் கடையிலயே கிடைக்குதே, எதுக்கு இந்த மெனக்கெடல்?” பிள்ளைக்கு ஒரு சட்டை தைக்கப் போகிறேன் என்று வீட்டில் யாராவது வாய் திறந்தால் உடனே வந்து விழும் வாக்கியம் இது. சொல்பவர் மாமியாராக இருக்கலாம், கணவராக இருக்கலாம், கூட வேலை பார்ப்பவராக இருக்கலாம். வாக்கியம் மட்டும் மாறாது. சொல்லிவிட்டு, இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்பதுபோல எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். வீட்டுத் தையலின் காலம் முடிந்தது, மெஷினைப் பரணில் ஏற்றலாம், ஜாக்கெட்டுக்கு டெய்லர் இருக்கிறார் என்பது இன்று ஊர்த் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் பாதி சரி. பள்ளிச் சீருடைச் சட்டைக்குக் காலர் வெட்ட வேண்டும், கேன்வாஸ் வைக்க வேண்டும், பட்டன் பட்டி மடிக்க வேண்டும், காஜா எடுக்க வேண்டும், ஓரமெல்லாம் பிசிர் வராமல் மடித்து அடிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும். கடைச் சட்டையின் நேர்த்தியும் வராது. அந்த வழக்குக்கு நான் வக்கீல் இல்லை. என் கட்சிக்காரர் ஒரே ஓர் உடுப்பு: குளிருக்கு மேலே போட்டுக்கொள்ளும், தலைவழியாக மாட்டும், ஃபிளீஸ் துணிச் சட்டை. மூன்று வயதிலிருந்து எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு. பருத்திச் சட்டையை வைத்து எழுதிய தீர்ப்பை இதன் தலையிலும் கட்டுவது அநியாயம் என்பதுதான் என் வாதம்.

குன்னூரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். சென்னையில் இருப்பவருக்கு ஃபிளீஸ் என்பது சுற்றுலாவுக்குப் பெட்டியில் வைக்கும் பொருள். ஊட்டியிலோ மார்கழி, தை மாதங்களில் புல்வெளி உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். குன்னூரில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் துவைத்த துணி நாள்கணக்கில் ஈரமாகவே தொங்கும். அந்த நாட்களில் பாலியஸ்டரின் அருமை தெரியும். பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீத ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட ஏற்காது. அதனால் ஃபிளீஸ் சட்டை பிழிந்து போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும். காலையில் பள்ளிப் பேருந்துக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

பணக் கணக்கிலிருந்தே தொடங்குவோம். எதிர்த்தரப்பு அங்கேதான் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறது. பின்னல் துணியைத் திருப்பூரில் கிலோ கணக்கில் விற்பார்கள். குழந்தைச் சட்டைக்கு ஏற்ற ஃபிளீஸ் என்றால் சதுர மீட்டருக்கு 220 கிராம் போதும். அகலம் ஒன்றரை மீட்டர் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்கு முக்கால் மீட்டர் வாங்கினால் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை, தலைக்குத் தொப்பி எல்லாம் வெட்டலாம். ஆகமொத்தம் கால் கிலோ துணி. இப்போது கடையில் தொங்கும் மலிவுச் சட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் காற்றாடியாக இருக்கும். நாலு துவையலில் மேலெல்லாம் உருண்டை உருண்டையாகப் பஞ்சு கட்டும், ஜிப் அதற்கு முன்பே பல்லிளிக்கும். விலைச்சீட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டு துணியையும் தராசில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய நல்ல சரக்கைப் பொறுக்கி எடுக்கத் தெரிந்தவரிடம் இந்த வாதம் தோற்கும் என்பது எனக்குத் தெரியும். விலையில் அவர் ஜெயிக்கட்டும். அவர் வாங்கிவந்ததும் நான் சொல்வதும் ஒரே உடுப்பு இல்லையே, அதுதான் சங்கதி.

தலையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுப் பிள்ளையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 50 செ.மீ. மார்புச் சுற்றளவு அதைவிட ஐந்தாறு செ.மீ.தான் கூடுதல். பெரியவர்களுக்கு இருக்கும் வித்தியாசம் குழந்தைக்குக் கிடையாது. உடம்புக்குத் தலை பெரிது. ரெடிமேடு சட்டையின் லேபிளில் ‘4–5 வயது’ என்று போட்டிருக்கும். அந்த லேபிளுக்கு உங்கள் பிள்ளையின் தலை தெரியாது. கழுத்து அழகாக ஒட்டி நிற்க வேண்டுமென்று சின்னதாக வைத்துவிடுகிறார்கள். காதை உரசிக்கொண்டு சட்டை இறங்குவதற்குள் பிள்ளை வீறிடுகிறது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். வீட்டில் தைப்பவர் நாடாவைத் தலையைச் சுற்றி ஒருமுறை பிடித்தால் தீர்ந்தது. இன்னும் எளிய வழி வேண்டுமென்றால், கைக்குழந்தை உடுப்பில் பார்த்திருப்பீர்களே, முன்தோளும் பின்தோளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும் கழுத்து, அதை அப்படியே இதற்கும் வைக்கலாம். பட்டனும் வேண்டாம், ஜிப்பும் வேண்டாம்.

அடுத்தது எல்லோருக்கும் பிடித்த வாதம்: “ஆறு மாசத்துல சின்னதாயிடும்.” ரெடிமேடுக்கு இது பொருந்தும். தைக்கும் சட்டைக்குப் பொருந்தாது. இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஐந்திலிருந்து ஏழு செ.மீ. வரை உயர்கிறார்கள். மார்பு அந்த வேகத்தில் விரிவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு செ.மீ. கூடினால் அதிகம். ஆகச் சட்டை சின்னதாவது என்றால் முதலில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறும், பிறகு கீழ் ஓரம் இடுப்புக்கு ஏறும். அகலத்தில் இன்னும் இடம் இருக்கும். கடைச் சட்டையின் கைமுனையில் ரிப் வைத்து மூடிவிட்டதால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளீஸுக்கு ஓரம் மடித்து அடிக்க வேண்டிய கட்டாயமே இல்லை, வெட்டிய விளிம்பு வெட்டியபடியே நிற்கும். கையை ஆறேழு செ.மீ. கூடுதல் நீளமாக வெட்டி இரண்டு மடிப்பாகச் சுருட்டி விடுங்கள். அடுத்த ஆண்டு ஒரு மடிப்பு, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. கீழ் ஓரத்தை முதலிலேயே தொடைவரை விட்டால் முதல் வருடம் கோட்டு, மூன்றாம் வருடம் சட்டை. அகலத்தில் எட்டுப் பத்து செ.மீ. தளர்ச்சி எப்படியும் வைக்கத்தான் வேண்டும், உள்ளே ஒரு பனியனும் சட்டையும் போட வேண்டுமே.

“இதெல்லாம் பின்னல் துணி, ஓவர்லாக் இல்லாமல் வீட்டு மெஷினில் அடிக்க முடியாது” என்று டெய்லர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். டி-ஷர்ட் துணிக்கு இது ஓரளவு உண்மை. ஃபிளீஸும் பின்னல்தான், ஆனால் பின்னிய பிறகு அதன் முகத்தைக் கம்பித்தூரிகையால் கீறி, கண்ணிகளைப் பஞ்சாகக் கிளப்பி, பிறகு சமமாகக் கத்தரிக்கிறார்கள். கிளப்பிய இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வெட்டிய இடத்தில் கண்ணி அவிழ்ந்து ஓடாது, ஓரம் சுருண்டு மடங்காது. ஓவர்லாக் செய்யும் காவல் வேலையைத் துணியே செய்துகொள்கிறது. நேர்த்தையல் மட்டும் போடும் பழைய மிதி மெஷின், உஷாவோ மெரிட்டோ எதுவானாலும், இதற்குப் போதும்.

சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. கடையில் கேட்கும்போது ‘போலார் ஃபிளீஸ்’ என்று சொல்லுங்கள். வெறும் ஃபிளீஸ் என்றால் திருப்பூர்ப் பக்கம் உள்புறம் மட்டும் பஞ்சு கிளப்பிய பருத்திக் கலப்புத் துணியை எடுத்துப் போட்டுவிடுவார்கள். அதன் ஓரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். துணியை ஒரு முறை அலசிக் காயப்போடுங்கள், இஸ்திரி மட்டும் வைத்துவிடாதீர்கள், பஞ்சு உருகிப் பளபளவென்று தட்டையாகிவிடும். பிள்ளைக்குச் சரியாக இருக்கும் ஒரு பழைய டி-ஷர்ட்டை அளவுச் சட்டையாக வைத்துச் செய்தித்தாளில் வரைந்து, சுற்றிலும் தளர்ச்சியும் தையலுக்கு ஒரு செ.மீ.யும் சேருங்கள். எது நல்ல பக்கம் என்று தெரியாவிட்டால் குறுக்குவாட்டில் வெட்டிய விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். விளிம்பு உள்பக்கம் நோக்கிச் சுருளும். உள்ளங்கையால் தடவினால் பஞ்சு ஒரு திசையில் படியும், மறு திசையில் சிலிர்க்கும். எல்லாத் துண்டிலும் படியும் திசை கீழ்நோக்கி இருக்க வேண்டும். இதில் தவறினால் முன்பக்கம் ஒரு நிறம், பின்பக்கம் ஒரு நிறம் என்று தோன்றும். அதிகம் இழுபடும் வாட்டம் உடம்பைச் சுற்றி வர வேண்டும், மேலும் கீழுமாக வரக்கூடாது.

தைக்கும்போது 14ஆம் நம்பர் ஊசி, புதியது. முனை உருண்ட ஊசி கிடைத்தால் இன்னும் நல்லது, தையல் விட்டு விட்டு விழாது. நூல் பாலியஸ்டர். தையல் நீளத்தை 3 மி.மீ.க்கு மேல் வையுங்கள். பொடித்தையல் போட்டால் விளிம்பு அலையலையாக விரிந்துவிடும். மெஷின் தலையில் பாதத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் திருகு ஒன்று இருக்கும், பலர் அதை வாழ்நாளில் தொட்டதே இல்லை. அதைக் கொஞ்சம் தளர்த்தினால் தடித்த துணி தள்ளப்படாமல் நகரும். குண்டூசி பஞ்சுக்குள் மூழ்கிக் காணாமல் போய்விடும். குழந்தை உடுப்பில் அது விளையாட்டில்லை. துணி காயப்போடும் கிளிப் போதும். தோள் தையலோடு சேர்த்து ஒரு பருத்தி நாடாவை வைத்து அடித்தால் தோள் தொங்காது. பிறகு கையை வைத்து, கைமுனையிலிருந்து அக்குள் வழியாகக் கீழ் ஓரம் வரை ஒரே ஓட்டமாக அடித்தால் வேலை முடிந்தது. கடைசியில் பாபின் பெட்டியைத் திறந்து பஞ்சைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மெஷின் மறுநாள் முரண்டு பிடிக்கும்.

தொப்பிக்கு நாடா கோக்காதீர்கள். இதை வேண்டுகோளாக இல்லை, கட்டளையாகவே சொல்கிறேன். கழுத்து நாடா சறுக்குமரத்திலும் வண்டிக் கதவிலும் மாட்டிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1996இல் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்காகவே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பியத் தரவிதி ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உடுப்பில் தலையிலும் கழுத்திலும் இழுநாடாவே கூடாது என்கிறது. நம் ஊர்ச் சந்தையில் நாடா தொங்கும் குழந்தைச் சட்டைகளைத் தாராளமாகப் பார்க்கலாம். கடைச் சரக்கு பாதுகாப்பானது, வீட்டில் தைத்தது அரைகுறை என்று நினைப்பவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

இனி எதிர்த்தரப்பின் கனமான வாதம். தையல் பெண்களின் கழுத்தில் கட்டியிருந்த நுகம், ரெடிமேடு வந்துதான் அது இறங்கியது, அதைத் திரும்ப மாட்டிவிடப் பார்க்கிறீர்களா என்று கேட்கிறார்கள். கேள்வியை மதிக்கிறேன். நாள் முழுக்க அடுப்படியில் வெந்துவிட்டு இரவில் சிம்னி வெளிச்சத்தில் ஐந்து பிள்ளைகளின் துணியை ஹெம்மிங் செய்த தலைமுறை அது. அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் இருந்ததுதான் கொடுமை. ஆனால் ரெடிமேடு அந்த நுகத்தை எங்கே இறக்கி வைத்தது என்று பாருங்கள். நூற்பிலும் பின்னலிலும் சாயத்திலும் வெட்டுவதிலும் எந்திரம் புகுந்துவிட்டது. தைப்பது மட்டும் இன்னமும் அநேகமாக ஓர் ஆள், ஒரு மெஷின். பவர் டேபிளுக்கு முன்னால் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்திருப்பவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். அவருக்கும் வீட்டில் பிள்ளை உண்டு. ‘மெனக்கெடல்’ எங்கும் போய்விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, விலை குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், தைப்பது ஏன் அம்மாவின் வேலையாகவே இருக்க வேண்டும்? ஊரில் டெய்லர் கடை வைத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள், ஆண்கள் எத்தனை பேர். கூலிக்குத் தைத்தால் ஆண் தொழில், வீட்டில் தைத்தால் பெண் கடமை என்று பிரித்தது யார்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா ஒருவர் தாராளமாக உட்காரலாம். நான்கு நேர்த்தையல், இதற்குப் பெரிய ஞானம் தேவையில்லை.

மலிவைப் பற்றிப் பேசும்போது இந்தத் துணியின் பிறப்பிடத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்ற ஆலை, படகோனியா நிறுவனத்தோடு சேர்ந்து 1979 வாக்கில் இதை உருவாக்கியது. உரிமையாளர் ஆரன் ஃபாயர்ஸ்டீன் போலார் ஃபிளீஸுக்குக் காப்புரிமை எடுக்கவில்லை; அதனால் உலகில் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி விலை இறங்கியது. 1995 டிசம்பர் 11 அன்று ஆலை தீப்பற்றி எரிந்தது. வேலையிழந்து நின்ற தொழிலாளர்களுக்கு அவர் மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்து, அதே ஊரில் ஆலையைத் திரும்பக் கட்டினார். கட்டிய கடனும் மலிவுப் போட்டியும் சேர்ந்து அழுத்த, 2001இல் நிறுவனம் திவாலானது. மலிவு ஒன்றே அளவுகோல் என்று நம் வீட்டில் தீர்ப்பு எழுதுகிறோமே, அதே அளவுகோல் இந்தத் துணியைத் தந்தவரையே என்ன செய்தது என்பதற்காகச் சொன்னேன்.

பிளாஸ்டிக் என்ற குற்றச்சாட்டு மிச்சம் இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். நீலகிரியில் தண்ணீர் பாட்டிலை மலையேற்ற விடாமல் அடிவாரச் சோதனைச் சாவடியில் பிடுங்கி வைக்கிறார்கள். அந்தப் பாட்டிலும் இந்தச் சட்டையும் ஒரே பாலியஸ்டர். துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்ந்து ஓடையில் கலக்கின்றன. நெருப்பும் இதற்கு ஆகாது. கரியடுப்பில் குளிர்காயும் வீடுகளில் பிள்ளையை இந்தச் சட்டையோடு பக்கத்தில் விடக் கூடாது, பற்றினால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளிதான் மேல் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விலை கட்டுபடியாகி, பிள்ளைக்கு அரிக்காவிட்டால் கம்பளியே போடுங்கள். ஆனால் பிளாஸ்டிக்கைக் காட்டித் தைப்பதைத் தடுப்பவர் கையில் அதற்குப் பதிலாக இருப்பது என்ன? அதே பாலியஸ்டரில் ஆண்டுக்கு ஒன்று வாங்கி, ஆண்டுக்கு ஒன்று எறியும் வழக்கம். மூன்று குளிர்காலம் ஒரு பிள்ளைக்கும், பிறகு தம்பி தங்கைக்கும் உழைக்கும் ஒரே சட்டை அதைவிடக் குறைந்த பாவம். கிழிந்தால் ஒட்டுப் போடவும் தைத்தவர் கை தயங்காது.

நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைப் பக்கம் தையல் வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசு தன் பங்குக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நீங்களோ ஜபலா, உள்பாவாடை, ஜாக்கெட் என்று சமவெளிக்கு எழுதிய பாடத்தையே மலையிலும் நடத்துகிறீர்கள். ஜாக்கெட் கப்பில் பாதிப் பேர் மனம் விட்டுப்போய் மெஷினை மூடிவிடுகிறார்கள். ஜபலா முடிந்த கையோடு இந்த ஃபிளீஸ் சட்டையை வையுங்கள். முக்கால் மீட்டர் துணியும் பிள்ளையின் பழைய டி-ஷர்ட் ஒன்றும் கொண்டுவரச் சொல்லுங்கள். ஜிப் மட்டும் முதல் சட்டைக்கு வேண்டாம்.